501ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வீட்டில் நான்கு பேர். ஜூன் மாதம் 1,742 ரூபாய் வந்த கரண்ட் பில், ஆகஸ்டில் 3,258 ரூபாய். யூனிட் கணக்கில் 490 இருந்தது 640 ஆகியிருக்கிறது. “யூனிட் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, பணம் மட்டும் எப்படி இரட்டிப்பாகும்? மீட்டர் வேகமாக ஓடுகிறதா? சோலார் விற்கிறவர் வந்து மூன்று கிலோவாட் போட்டால் பில்லே வராது என்கிறார், போடலாமா? எங்கள் ஊர்ப் பக்கம் காற்றாலை எல்லாம் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு ஏன் இந்த விலை? போன் சிம் மாற்றுவதுபோல வேறு கம்பெனிக்கு மாற முடியாதா?” என்று கேட்டிருக்கிறார். ஈபி அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொரு கஷ்டமும் சொல்லியிருக்கிறார்: முக்கால் மணி நேரத்தில் நிறைந்த தண்ணீர் டேங்க் இப்போதெல்லாம் நிறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறதாம்.

டீச்சர், அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் பில்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் மீட்டர் மேல் சந்தேகப்பட்டுத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் மீட்டர் நிரபராதி.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜூலையிலிருந்து நாம் கையிலிருந்து கட்டும் விலை இது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய். 201இலிருந்து 400 வரை 4.70. 401இலிருந்து 500 வரை 6.30. 2025 ஜூலையில், விலை வைக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 3.16 சதவீதம் உயர்த்தியது. வீடுகளுக்கான அந்த உயர்வை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டதால் உங்கள் பில்லில் விலை மாறவில்லை.

500ஐத் தாண்டிவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: மேலே போகப் போக விலை ஏறும். 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. கீழே இருந்த 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோய்விடும். 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். அதாவது சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒற்றை யூனிட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 243 ரூபாய் 40 பைசா. படிக்கட்டு என்று சொல்கிறோம், ஆனால் இந்த இடத்தில் இருப்பது படி இல்லை, திண்ணை. ஏறவும் கஷ்டம், தவறி விழுந்தாலும் அடி பலம்.

உங்கள் ஜூன் பில் 490. திண்ணை விளிம்பில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆகஸ்டில் விழுந்துவிட்டீர்கள். 150 யூனிட் கூடியதற்கு 1,516 ரூபாய் கூடியதன் சூட்சுமம் அவ்வளவுதான். கணக்குத் தவறு ஏதுமில்லை.

சரி, அந்த 150 யூனிட் எங்கிருந்து வந்தது?

உங்கள் அட்டையில் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 8, ஜூன் 6, ஆகஸ்ட் 10. முதல் பில்லுக்கு 59 நாள். இரண்டாவது பில்லுக்கு 65 நாள். கணக்கெடுக்க வருகிறவர் ஐந்து நாள் தாமதமாக வந்திருக்கிறார். ஆக 490ஐ 59ஆல் வகுத்தால் நாளுக்கு 8.3 யூனிட். 640ஐ 65ஆல் வகுத்தால் 9.85. உண்மையில் உங்கள் வீட்டில் கூடியது நாளுக்கு ஒன்றரை யூனிட்தான். 60ஆவது நாளிலேயே ரீடிங் எடுத்திருந்தால் 591 யூனிட், 2,804 ரூபாய். ஐந்து நாள் தாமதம் இந்தப் பில்லில் 450 ரூபாய்க்கு மேல் சேர்த்திருக்கிறது. அந்த 49 யூனிட்டும் நீங்கள் எரித்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றில் 40 யூனிட் 9.45 ரூபாய்ப் படியில் போய் விழுந்திருக்கிறது.

இதற்கு மனு கொடுக்கலாம். உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் இரண்டு தேதிகளையும் எழுதி, 60 நாளுக்குச் சரிக்கட்டித் தரும்படி கேளுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண்ணுக்கும் (94987 94987) சொல்லிப் பதிவு எண் வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு அலுவலகங்களில் ஆயுசு அன்று சாயங்காலம் வரைதான்.

மாதாமாதம் கணக்கெடுத்தால் பில் பாதியாகிவிடும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. அப்படி இல்லை. படிகளையும் பாதியாக்கித்தான் போடுவார்கள். உங்கள் 640ஐ முதல் மாதம் 350, அடுத்த மாதம் 290 என்று பிரித்துப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 3,268 ரூபாய் 50 பைசா வருகிறது, பத்து ரூபாய் கூடுதல்! ஒரு மாதம் 250க்குக் கீழே இறங்குகிற வீட்டுக்குக் கொஞ்சம் லாபம் வரலாம். மற்றபடி மாதக் கணக்கு தீர்த்து வைக்கக்கூடிய நோய், தாமத ரீடிங் ஒன்றுதான்.

இப்போது அந்த ஒன்றரை யூனிட்டுக்கு வருகிறேன்.

ஏப்ரல், மே மாதம் உங்கள் ஊரில் வெயில் கொளுத்தும். ஜூன் பாதியில் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கினால் அந்தக் காற்று பாளையங்கோட்டை வரைக்கும் வரும். ஏசி குறைந்திருக்க வேண்டும், மின்விசிறிகூட ராத்திரியில் ஒரு புள்ளி குறைந்திருக்க வேண்டும். அதாவது ஆகஸ்ட் பில் இறங்க வேண்டிய காலத்தில் ஏறியிருக்கிறது. எனவே ஏசியைத் திட்ட வேண்டாம். உங்கள் மோட்டார் ஒன்றரை எச்.பி. என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் ஒன்றரை யூனிட். அந்த மோட்டார் டேங்கை நிறைக்கும் நேரம் முக்கால் மணியிலிருந்து ஒன்றே முக்கால் ஆனதாகச் சொல்கிறீர்கள். கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் போர்வெல் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் ‘சளசள’வென்று விழுகிற சத்தம் கேட்டால், உள்ளே இறங்கும் குழாயில் எங்கோ ஓட்டை அல்லது இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மோட்டார் மேலே தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு திரும்பப் போருக்குள்ளேயே கொட்டுகிறது. ஏற்றிய தண்ணீரையே மறுபடி மறுபடி ஏற்றுவதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சத்தம் இல்லாமல், டேங்கில் தண்ணீர் காற்றோடு சேர்ந்து விட்டு விட்டு வந்தால், நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. உங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவரை போர் இறங்குவது வழக்கம். அப்படியானால் ஒரே மூச்சில் ஓட்டாமல் இரண்டு தடவையாக ஓட்டுங்கள், இல்லையென்றால் வெறும் போரில் ஓடி மோட்டாரின் காயில் கருகிவிடும். இரண்டும் இல்லை, தண்ணீர் சீராக ஆனால் மெல்லிசாக வருகிறது என்றால், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை முதலில் மாற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதற்கும் அடங்காவிட்டால் மோட்டாரை மேலே எடுத்து, தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் எடுக்கிறவர் எடுத்த எடுப்பில் ‘புதுசு போட்டுடலாம்’ என்பார். குழாயைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள்.

மீட்டரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள், மனசு அடங்கும். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது சிமிட்டக் கூடாது. சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. இப்போதைய மீட்டர்களில் பல, போகிற கரண்ட், திரும்பி வருகிற கரண்ட் இரண்டையும் பார்த்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுப்பவை. அதனால் ஈர மோட்டாரிலிருந்து மண்ணுக்குக் கசிகிற கரண்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். காசு கிடக்கட்டும், அது ஆளையே அடிக்கும். கசிவு தெரிந்தால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. எல்லாவற்றையும் அணைத்து, வெந்நீர் போடும் 1,000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் வாளித் தண்ணீரில் வைத்துப் போட்டுவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 53 வர வேண்டும். வோல்டேஜ் குறைந்த நேரமாக இருந்தால் 45கூட வரலாம், அது தவறில்லை. 65, 70 என்று வந்தால் மட்டும் மீட்டர் சோதனைக்குப் பணம் கட்டி விண்ணப்பியுங்கள். ராட் சுவிட்சை அணைக்காமல் வாளியில் கை வைக்க வேண்டாம். பிள்ளைகளை வைத்து எண்ணச் சொல்வதென்றால் மீட்டர் பக்கம் நிறுத்துங்கள், வாளிப் பக்கம் வேண்டாம்.

மோட்டாரைச் சரிசெய்துவிட்டால் பழையபடி நாளுக்கு 8.3 யூனிட். 60 நாளுக்கு 498. கவனித்தீர்களா? மறுபடியும் திண்ணை விளிம்பு. ஜூனில் உங்களைக் காப்பாற்றியது சிக்கனம் இல்லை, 59ஆவது நாளே வந்துவிட்ட அந்தக் கணக்கீட்டாளர். இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் 507 ஆகி, 350 ரூபாய் கூடியிருக்கும். ஆகையால் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார வேண்டும்.

அதற்கு மின்விசிறிதான் நல்ல வழி. பழைய மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்கிற, குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற விசிறியில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். கூடத்திலும் படுக்கையறையிலும் ஓடும் இரண்டை மட்டும் மாற்றினால் 80 யூனிட். 498 என்பது 418க்கு வந்துவிடும், பில் 1,288 ரூபாய். இரண்டு விசிறிக்கும் ஆறாயிரம் என்று வைத்தாலும் இரண்டு வருடத்தில் வந்துவிடும். எப்போதாவது ஓடும் விருந்தினர் அறை விசிறியை மாற்றாதீர்கள், அது தண்டச் செலவு. ஒரே ஒரு எச்சரிக்கை: ரிமோட். ஊருக்கெல்லாம் பிஎல்டிசி சொல்லும் என் வீட்டிலேயே என் அம்மாவின் அறையில் இன்னும் பழைய விசிறிதான் சுற்றுகிறது. “நடு ராத்திரியில ரிமோட்டைத் தேடவா?” என்று கழற்ற விடவில்லை. பழைய ரெகுலேட்டரோடு சேர்ந்து இயங்கும் வகையும் உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள்.

மாடி அறைக்குத் தனி இணைப்பு வாங்கினால் இன்னொரு 100 யூனிட் இலவசம் கிடைக்கும் என்று உங்கள் கணவர் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனி வாசல், தனி சமையலறையோடு வாடகைக்கு விடுவதென்றால் முறைப்படி வாங்கலாம். ஒரே குடும்பம் இரண்டு மீட்டரில் ஓட்டுவது தெரிந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஆசைப்பட வேண்டாம்.

சோலார். இதில்தான் நிறையப் பேர் கைப்பணத்தை விடுகிறார்கள். சோலார் கெட்டது என்பதால் இல்லை, அளவு தெரியாமல் போடுவதால். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட், நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. அந்த 240 உங்கள் பில்லின் மேல் படியிலிருந்து கழியும், அங்கேதான் விலை அதிகம். 490 யூனிட் ஓடும் உங்கள் வீட்டில் முதல் கிலோவாட் போட்டால் 250 ஆகி, பில் 1,742இலிருந்து 470க்கு இறங்கும். மிச்சம் 1,272 ரூபாய். இரண்டாவது, மூன்றாவது கிலோவாட் இரண்டும் சேர்ந்து மிச்சப்படுத்துவது அந்த 470ஐ மட்டும்தான். அதிலும் கடைசி நூறு யூனிட் அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகத் தருவது. இலவசமாக வருவதைச் சொந்தக் காசு போட்டுத் தயாரிப்பானேன்?

உங்களிடம் வந்தவர் சொன்ன விலையையே எடுத்துக்கொள்வோம். மூன்று கிலோவாட் 1,95,000. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசு மானியம் 78,000 போக 1,17,000. வருடத்துக்கு மிச்சம் 10,452. போட்ட பணம் திரும்ப பதினோரு வருடம். ஒரு கிலோவாட்டுக்கு அவர் கேட்ட 80,000இல் மானியம் 30,000 போக 50,000. வருடத்துக்கு மிச்சம் 7,632. ஆறரை வருடம். விசிறி மாற்றி 418க்கு வந்தபின் சோலார் போட்டால் இன்னும் இழுக்கும். ஆகவே இப்போதைக்கு விசிறி. இரண்டாவது ஏசி வாங்குகிற எண்ணமோ, மின்சார ஸ்கூட்டர் வாங்குகிற எண்ணமோ இருந்தால் அப்போது எழுதுங்கள், கணக்கு வேறு மாதிரி வரும்.

காற்றாலைக் கேள்வி நியாயமான கேள்வி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகிற எவருக்கும் வரும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் காற்று வைகாசி கடைசியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். உங்கள் வீட்டு விளக்கு தை மாதமும் எரிய வேண்டும், மாலை ஏழு மணிக்கும் எரிய வேண்டும். அதற்கு நிலக்கரி, அணு, வெளிச் சந்தை என்று வாங்குகிறார்கள். கூடங்குளம் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்றாலும் அங்கே உற்பத்தியாவது முழுக்க நமக்கில்லை, பக்கத்து மாநிலங்களுக்கும் பங்கு போகிறது. அப்புறம், பல அனல் நிலையங்களுக்கு மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். இவ்வளவையும் கூட்டி, கம்பி, மின்மாற்றி, சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விலை வைக்கிறது. காற்று அடிக்கிற மாதம் அந்த விலை இறங்காது, காற்று நிற்கிற மாதம் ஏறவும் ஏறாது.

2014 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை கட்டணத்தை யாரும் உயர்த்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது. அதற்குள் மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. பிறகு ஒரே அடியாக ஏற்றினார்கள். 500 யூனிட்டுக்கு 1,130 கட்டிக்கொண்டிருந்தவர் ஒரே இரவில் 1,725 கட்ட வேண்டியதாயிற்று. வருடா வருடம் ஜூலையில் விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் உயர்த்தலாம், 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற ஏற்பாடும் அந்த ஆணையில் வந்ததுதான். 2026-27 வரைக்கும் அது. என்னைக் கேட்டால் எட்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் அறுநூறு ரூபாய் ஏற்றியதைவிட இது மேல். ஆனால் அந்த 500 யூனிட் திண்ணைக்கு என்னால் நியாயம் சொல்ல முடியாது. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் எந்த ஊர்க் கணக்கு? மேலே எரித்த யூனிட்டுக்கு அதிகம் வாங்கட்டும், கீழே கொடுத்த சலுகையைப் பிடுங்குவது ஏன்? அடுத்த கட்டண மனு வரும்போது ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கேட்டார்கள். நேரில் போகாவிட்டாலும் எழுதி அனுப்பலாம். உங்கள் இரண்டு பில்லையும் இணைத்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுங்கள். நானும் எழுதுவேன்.

வேறு கம்பெனிக்கு மாறுவது வீட்டு இணைப்புக்கு இங்கே முடியாது. உங்கள் தெருவில் கம்பி ஒருவருடையதுதான். மும்பைப் புறநகரில் டாடா, அதானி என்று இரண்டு பேருக்கும் உரிமம் இருப்பதால் அங்கே மாற முடிகிறது. நமக்கு, 2024இல் பெயரும் பிரிவும் மாறி மின் பகிர்மானக் கழகம் என்று ஆகிவிட்டாலும், இன்னும் நாம் ஈபி என்று சொல்கிற அதே ஒருவர்தான்.

மோட்டாரை இந்த வாரம் பார்த்துவிடுங்கள். அப்புறம் காலண்டரில் செப்டம்பர் 24ஐ வட்டமிட்டு வையுங்கள், அது ரீடிங் எடுத்த 45ஆவது நாள். அன்று காலை மீட்டரில் ஓடும் எண்ணிலிருந்து அட்டையில் இருக்கும் ஆகஸ்ட் 10 எண்ணைக் கழித்துப் பாருங்கள். 375க்குள் இருந்தால் 500க்குள் முடியும். தாண்டியிருந்தால் மீதி இருக்கும் இரண்டு வாரத்துக்கு அயர்ன் வேலையைக் கடைக்குக் கொடுத்து, ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்துங்கள். அக்டோபர் 9ஐத் தாண்டியும் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை என்றால், அன்றைக்கு மீட்டரில் தெரியும் எண்ணை, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டு, பிரிவு அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.